அச்சில் எழுந்த கவசம்

பிப்ரவரி 10, திங்கள்

காலண்டர் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஒரு மாதமாகக் கடை மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. சிவகாசியில் டைரிக்குப் பஞ்சமே கிடையாது, எழுதுகிற ஆளுக்குத்தான் பஞ்சம். இன்றைக்கு எழுதலாம் என்று தோன்றியது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பிரதீபாவின் கோ-கோ டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, என்ன வம்பு செய்தாளோ என்று போனேன். டீச்சர் என்னைத் தனியாக மைதானத்து ஓரம் கூட்டிப் போனார்.

"கோ-கோல பிள்ளைங்க வரிசையாக் குத்தவச்சு உக்காந்திருப்பாங்கள்ல சார், நான் பின்னால இருந்து பார்த்தேன். பிரதீபா முதுகு மட்டும் வலது பக்கம் புடைச்சுத் தெரியுது. நல்லா ஓடுற பிள்ளை. ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்களேன்."

பிறந்ததிலிருந்து பார்க்கிற முதுகு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தேன். மத்தியானம் ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனருக்குக் கண்ணீர் அஞ்சலி பார்டரைப் போட்டு அடித்துவிட்டேன். பத்தடி பிளக்ஸ் வீண். வேலை நெருக்கடி, அவ்வளவுதான். பிள்ளையின் முதுகுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பிப்ரவரி 15, சனி

மதுரை. முதுகெலும்பு டாக்டர் அருள்மணி எக்ஸ்-ரேயை விளக்குப் பலகையில் மாட்டினார். நேராக நிற்க வேண்டிய எலும்பு நடுவில் வலது பக்கமாக வளைந்து, கீழே வந்து மறுபடி திரும்பியிருந்தது. டாக்டர் இரண்டு கோடு இழுத்து அளந்தார்.

"முப்பத்தோரு டிகிரி. பிள்ளை இன்னும் வளரும். வளர வளர வளைவும் கூடும். நாப்பத்தஞ்சைத் தாண்டிட்டா ஆபரேஷன்தான். கம்பி வச்சு முடுக்கணும்."

"முடுக்கினா குனிய முடியுமா சார்?" என்று பிரதீபா கேட்டாள்.

"குனியலாம்மா. முன்ன மாதிரி வளையாது."

"கோ-கோ ஆடலாமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அதுக்கு முன்னால ஒண்ணு செஞ்சு பார்க்கலாம்" என்று ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார். கவசம். உடம்போடு ஒட்டிய கவசம். வளர்ச்சி நிற்கிற வரைக்கும் தினமும் இருபது மணி நேரம் போட வேண்டுமாம். குளிக்கவும் விளையாடவும் மட்டும் கழற்றலாம்.

பஸ்ஸில் என் மனைவி மாரிச்செல்வி எக்ஸ்-ரே கவரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிரதீபா கடலை மிட்டாய் வாங்கித் தின்றாள்.

பிப்ரவரி 22, சனி

இன்றைக்கு ஒரு அதிசயத்தைப் பார்த்தேன். இதை எழுதத்தான் வேண்டும்.

மதுரையில் ஒரு டயர் கடைக்கு மேல் மூன்று அறை. கவசம் செய்கிற பெண்ணின் பெயர் நஸ்ரின். முப்பது வயது இருக்கும். ஒரு கையில் கம்ப்யூட்டர் மவுஸ், இன்னொரு கையில் முறுக்கு. நான் பெருமையாக, "என் கடையிலயும் பிரிண்டர் இருக்கு மேடம், பத்தடி அகலம்" என்றேன். "அப்ப நாம ஒரே தொழில் சார்" என்று முறுக்கு டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

பிரதீபாவை நிற்க வைத்து, கையடக்கமான ஒரு கருவியால் அவளைச் சுற்றி வெளிச்சம் அடித்துக்கொண்டே வந்தார். சுற்றி முடிப்பதற்குள் திரையில் என் மகளின் முதுகு எழுந்து நின்றது. எக்ஸ்-ரேயை அதற்குள் இறக்கினார். தோலும் எலும்பும் ஒன்றாகப் பொருந்திக்கொண்டன. அந்தத் திரையில் பார்த்த பிறகுதான் எனக்கே அந்தப் புடைப்பு கண்ணில் பட்டது.

அதன் பிறகுதான் விஷயமே. இதற்கு முன்னால் கவசம் போட்ட பிள்ளைகள் அத்தனை பேரின் முதுகும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. எங்கே அழுத்தினால் எது நகர்ந்தது, எந்த இடத்தில் புண் வந்தது, எல்லாம் கணக்கில் இருக்கிறது. புது முதுகு ஒன்று வந்ததும் அது பழைய முதுகுகளை எல்லாம் கூப்பிட்டு யோசனை கேட்கிறது. கேட்டுவிட்டு ஒரு வடிவம் போடுகிறது, தானே அழுத்திப் பார்க்கிறது, பிடிக்காவிட்டால் அழிக்கிறது, வேறொன்று போடுகிறது. நாங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எத்தனை வடிவம் போட்டு அழித்ததோ.

"தள்ளுறது சுலபம் சார்" என்றார் நஸ்ரின். "இந்தப் பக்கம் தள்ளினா எலும்பு அந்தப் பக்கம் போறதுக்கு இடம் இருக்கணும். எங்க, எவ்வளவு இடம் விடணும்கிறதுதான் கணக்கு."

பக்கத்து அறையில் பிரிண்டர் ஓடியது. என்னுடைய பிரிண்டர் ஒரு வரி பூசிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இது பூசிய வரியின் மேலேயே திரும்பத் திரும்பப் பூசுகிறது. வேறு யாரோ ஒரு பிள்ளையின் இடுப்பு, மேஜையிலிருந்து மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தது. மாரிச்செல்வி கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன். இருபது வருடமாக பிரிண்டிங்கில் இருக்கிறேன், நான் அடித்தது எதுவும் எழுந்து நின்றதில்லை.

மார்ச் 8, சனி

கவசம் வந்துவிட்டது. வெள்ளை நிறம். அக்குளில் தொடங்கி இடுப்பு வரை. முன்னால் மூன்று பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் நஸ்ரின் நீல மையால் ஒரு கோடு போட்டிருக்கிறார், அதுவரைக்கும் இழுக்க வேண்டும். உள்பக்கம் பட்டாணி அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. அது சூட்டை அளந்து என் போன் வழியாக நஸ்ரினுக்கு அனுப்பிவிடும். சூடாக இருந்தால் போட்டிருக்கிறாள், ஆறிப்போனால் கழற்றிவிட்டாள் என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்கவே வேண்டாம். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு!

வெள்ளையாக இருக்கிறதே, பூப்போட்ட வினைல் ஸ்டிக்கர் அடித்து ஒட்டித் தரட்டுமா என்று கேட்டேன்.

"நான் என்ன பேனராப்பா?" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

பட்டை இழுப்பது என் வேலை என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. காலையில் இழுத்தேன். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே பட்டை நின்றுவிட்டது. புதுப் பட்டை அப்படித்தான் இருக்கும், போகப் போக இளகும்.

மார்ச் 24, திங்கள்

பள்ளிக்கூடத்தில் ரோபோ என்று கூப்பிடுகிறார்களாம். மாரிச்செல்வி சொன்னாள். பிரதீபா என்னிடம் சொல்லவில்லை. என் பழைய சட்டைகளைக் கவசத்தின் மேல் போட்டுக்கொள்கிறாள்.

படிப்பதற்கு மாடி அறை வேண்டும் என்று கேட்டாள். அது நான் பிளக்ஸ் ரோல் போட்டு வைக்கிற அறை, மேலே தகரம். பங்குனி வெயிலில் ரோல்களே வாடிப் போகும். பரவாயில்லை, அமைதியாக இருக்கும் என்கிறாள். கதவுக்குப் பின்னால் பெரிய ஆணி ஒன்று அடித்துத் தரச் சொன்னாள், பை மாட்டுவதற்கு. நல்ல கனமான ஆணியாக அடித்துக் கொடுத்தேன். பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

சித்திரைத் திருவிழா பேனர்களில் நிற்க நேரமில்லை.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் வீட்டுக்கு வந்தபோது வாசலில் விழுந்த பேனாவைப் பிரதீபா குனிந்து எடுத்தாள். இடுப்பை வளைத்து, ஒரே வீச்சில். மலைத்துப் போய்விட்டேன். மார்ச்சில் ஒரு செருப்பை மாட்டுவதற்கு மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தவள். நஸ்ரின் மேடம் எப்பேர்ப்பட்ட வடிவம் போட்டிருக்கிறார்! இறுக்கியும் பிடிக்கிறது, வளைந்தும் கொடுக்கிறது. கடைக்கு வந்த இரண்டு பேரிடம் இதைச் சொன்னேன். ஒருவர் தன் அண்ணன் மகளுக்காக நம்பர் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

நஸ்ரின் போன் செய்தார். சராசரி இருபது மணி நேரத்துக்கு மேல் வருகிறதாம். "எங்க கணக்குலயே உங்க பொண்ணுதான் சார் முதல்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப்படியில் நின்று பிரதீபாவிடம் கத்திச் சொன்னேன். சரிப்பா என்றாள். வேறு பிள்ளையாக இருந்தால் குதித்திருக்கும். இவள் தன்னடக்கமான பிள்ளை.

மே 13, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். மாரிச்செல்வி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாடி அறைக்குப் போய் ஒரு பிளக்ஸ் ரோல் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிரதீபா ஹாலில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

மே 14, புதன்

நஸ்ரின் மேடத்துக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். லைன் கிடைக்குமோ கிடைக்காதோ என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

முப்பத்தாறு.

டாக்டர் இரண்டு தடவை அளந்தார். கவசம் போட்டு மூன்று மாதத்தில் குறைந்திருக்க வேண்டும், குறைந்தது அப்படியே நின்றாவது இருக்க வேண்டும், கூடியிருக்கிறது. நஸ்ரினையும் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். அந்தப் பெண் எக்ஸ்-ரேயைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தன் கவசம் தோற்றுவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"இருபது மணி நேரம் போட்டும் கூடுதுன்னா என் வடிவம்தான் தப்பு டாக்டர். இன்னும் அழுத்தமா மறுபடி போடுறேன்."

"நாலஞ்சு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள நிக்கலைன்னா ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கணும்" என்றார் டாக்டர்.

பிரதீபா தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டரின் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரிச்செல்வி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

பயமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

காலையில் நஸ்ரின் போன் செய்தார். குரலே சரியில்லை.

"சார், பாப்பாவுக்கு மத்தியானம் மத்தியானம் காய்ச்சல் வருதா?"

"இல்லையே மேடம்."

"நேத்து ராத்திரி உக்காந்து கணக்கை ஒவ்வொரு நாளாப் பிரிச்சுப் பார்த்தேன். மே மாசம் பூராவும் பகல் ரெண்டு மணிக்குச் சூடு நாப்பது, நாப்பத்தொண்ணு போயிருக்கு. ஒரு நாள் நாப்பத்து மூணு. மனுஷ உடம்பு அந்தச் சூட்டுல நடமாட முடியாது சார். உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். மாரிச்செல்வியோ போனைப் பிடுங்கி மிச்சத்தைக் கேட்டுவிட்டு, அப்போதே பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருமுனை கிளினிக்கில் நாக்கடியில் தெர்மாமீட்டர் வைத்தார்கள். காய்ச்சல் இல்லை. "விட்டு விட்டு வர்ற காய்ச்சலா இருக்கும் சிஸ்டர், ஒரு மாசமா வருதாம்" என்று மாரிச்செல்வி அழுதாள். டெங்கு, டைஃபாய்டு, டிபி எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துவிடலாம் என்று நர்ஸ் வரிசையாகக் குப்பிகளை அடுக்கினார். கையில் ரப்பரைக் கட்டி ஊசியைப் பிரித்தார்.

"வேணாம் சிஸ்டர்" என்றாள் பிரதீபா. "எனக்குக் காய்ச்சல் இல்ல." சட்டைக்கு மேலாகக் கவசத்தைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குத்தான்."

"என்னடி உளர்ற?"

"அப்பா கடைக்குப் போனதும் கழட்டி மாடியில ஆணியில மாட்டி வச்சிருவேன்மா. அந்தத் தகரத்துக்குக் கீழ... அது பாட்டுக்குக் கொதிக்கும். ராத்திரியிலயும் சூடு அடங்காது."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரப்பரை அவிழ்த்தார். மாரிச்செல்வி கை ஓங்கினாள், ஓங்கிய கை கவசத்தில் பட்டு வலித்ததுதான் மிச்சம். அதற்கும் சேர்த்து அழுதாள்.

சாப்பாட்டின்போது மாரிச்செல்வி என்னைக் கேட்டாள்.

"ரோல் எடுக்க அந்த ரூமுக்குப் போய்ட்டு வந்துக்கிட்டுத்தான இருக்கீங்க. கதவுக்குப் பின்னால அம்புட்டுப் பெரிசா ஒண்ணு தொங்குறது கண்ணுல படலையா?"

சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைவு என்று சொன்னேன்.

ஜூன் 14, சனி

மதுரைக்கு மூன்று பேரும் போனோம். நஸ்ரின் திட்டுவார் என்று பிரதீபா பயந்தாள், நானும்தான். அவர் முழுவதும் கேட்டார். நாற்காலியில் சாய்ந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சூடு முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல போனா கவசம் உடம்புல இருக்குன்னு அர்த்தம். இந்த அளவைக் குளிர் நாட்டு ஆராய்ச்சியில இருந்து எடுத்தோம். அங்க கழட்டி மாட்டினா கொஞ்ச நேரத்துல ஆறிரும். நம்ம ஊர்ல கழட்டி மாட்டினா வெந்துரும்! நான் மதுரையில பிறந்து வளர்ந்தவ சார். வருஷம் பூரா ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு இதை யோசிக்கவே இல்ல பாருங்க."

நாங்களும் சிரித்தோம். பிரதீபாவும் கொஞ்சம் சிரித்தாள். அப்போதுதான் நஸ்ரின் திரையைத் திருப்பி ஒரு வடிவத்தைக் காட்டினார். சின்னதாக இருந்தது.

"இது தேனியில இருக்கிற ஒரு தம்பிக்கு. ஒன்பது வயசு. திங்கக்கிழமை பிரிண்டுக்குப் போறதா இருந்துச்சு. புதுசா வர்ற ஒவ்வொரு முதுகையும் பார்த்து எங்க கம்ப்யூட்டர் கணக்கு தன்னைத் திருத்திக்கும்ல? இருபது மணி நேரம் போட்டும் உன் முதுகு நிமிரலைன்னு அது நம்பிருச்சு. சரி, நாம அழுத்துறது பத்தலைன்னு முடிவு பண்ணி, உன் மாதிரி வளைவு உள்ள இந்தத் தம்பிக்கு விலாவுல அழுத்தத்தைக் கூட்டிருச்சு. நான் அதை நிறுத்திட்டேன். அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

பிரதீபாவின் முகம் மாறிவிட்டது. ரோபோ என்று கூப்பிட்டபோது அழாதவள், முப்பத்தாறு என்றபோது அழாதவள், அந்தச் சின்ன வடிவத்தைப் பார்த்து அழுதாள். "அவனுக்கு ரொம்ப வலிச்சிருக்குமாக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நஸ்ரின் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சிவப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

"நீ மட்டும் இல்ல, நானும் ஒரு தப்பு பண்ணிருக்கேன். வளைவு குறைஞ்சுதான்னு கணக்கைக் கேக்கச் சொல்லிக் கொடுத்தேன். போட்டுக்க முடிஞ்சுதான்னு கேக்கச் சொல்லிக் கொடுக்கல. எந்த எடத்துல தாங்க முடியாமக் கழட்டினியோ, அந்த எடத்தை எல்லாம் இதுல வரை. பொய் சொல்லாம வரை."

வரைந்தாள். அக்குளுக்குக் கீழே, வயிற்றில், முதுகின் இடது பக்கம் முழுக்க. வெள்ளைக் கவசம் சிவப்பாகிவிட்டது. இடுப்பு எலும்பு பக்கம் வந்ததும் பேனாவை நிறுத்தி யோசித்தாள். "இங்க வலிக்கும். ஆனா தாங்கிக்கலாம்" என்று அதை வெள்ளையாகவே விட்டாள். என் பிள்ளை நேர்மையானவள். மூன்று மாதம் பொய் சொன்னாள் என்பதை மறுக்கவில்லை, ஆனாலும் நேர்மையானவள்.

ஜூன் 21, சனி

கடையைப் பூட்டிவிட்டு நான் மட்டும் மதுரை போனேன். அவசியம் ஒன்றும் இல்லை, பார்க்கத் தோன்றியது.

நஸ்ரின் அந்தச் சிவப்பை அப்படியே ஸ்கேன் செய்து கணக்கில் ஏற்றியிருந்தார். இப்போது கம்ப்யூட்டருக்கு இரண்டு வேலை. முதுகை அதே மாதிரி தள்ளவும் வேண்டும், சிவப்பு வந்த இடங்களில் காற்றுக்கு வழி விடவும் வேண்டும். எங்கே பாரம் விழுகிறதோ அங்கே பிளாஸ்டிக்கை வைத்துக்கொள்கிறது, விழாத இடத்தில் எடுத்துவிடுகிறது. எடுத்துவிட்டுத் திரும்ப அழுத்திப் பார்க்கிறது. எங்கேயாவது வளைந்துகொடுத்தால் அந்த இடத்தில் ஒரு மெல்லிய விலாவை வளர்க்கிறது. யாரும் கை வைக்கவில்லை. ஓட்டை விழுந்துகொண்டே வந்தது. ஒரு சுற்று முடிந்ததும் பார்த்தால் ஜாங்கிரி மாதிரி இருந்தது.

"இது தாங்குமா மேடம்?"

"முதல் மூணும் தாங்கல சார்" என்று மூலையைக் காட்டினார். உடைந்த ஜாங்கிரிகள் கிடந்தன. அச்சடித்து, இயந்திரத்தில் வைத்து அமுக்கி உடைத்து, உடைந்த இடத்தைக் கணக்குக்குச் சொல்லிக்கொடுத்து, மறுபடி. ஒரு வாரமாக இதுதான் வேலை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இந்தப் பெண் என் மகளுக்கு யார்? ஒன்றும் இல்லை. வழியில் இனிப்புக் கடையில் ஜாங்கிரி ஒரு கிலோ வாங்கி, திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 5, சனி

புதுக் கவசம். பழையதில் பாதிக் கனம்தான். சென்சார் இப்போது இரண்டு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டும் ஒரே சூடு காட்டினால் ஆணியில் தொங்குகிறது என்று அர்த்தம்.

"இனிமே ஏமாத்த முடியாதுடி" என்றாள் மாரிச்செல்வி.

"ஏமாத்தணும்னா ஃப்ரிட்ஜ் மேல வைப்பேன், ஒரு பக்கம் மட்டும் சுடும்" என்றாள் பிரதீபா. நஸ்ரின் உடனே அதையும் குறித்துக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் பட்டை இழுத்தேன். வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். பிரதீபா தலையை மட்டும் தாழ்த்திப் பட்டையைப் பார்த்தாள்.

"அப்பா, கோடு இன்னும் வரலை."

"போதும்ல பாப்பா."

"கோடு வரைக்கும் இழுங்கப்பா. நீங்க பாவம் பார்க்கிறது எல்லாம் எக்ஸ்-ரேல தெரியுது."

இழுத்தேன். பட்டை கோட்டில் வந்து நின்றது. அவள் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாடி அறை ஆணியைப் பிடுங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இருபது மணி நேரம். நிஜமாகவே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இடுப்பில் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. முந்தாநாள் போட்டோ எடுத்து அனுப்பினோம். மறுநாளே விளிம்பைத் தேய்க்க அளவு வந்தது. பிரதீபா அந்த ஒரு நாளும் கழற்றவில்லை. பள்ளியிலிருந்து வந்தால் இரண்டு மணி நேரம் கோ-கோ, குளியல், திரும்பவும் கவசம். இப்போதெல்லாம் என் பழைய சட்டை வேண்டாம் என்கிறாள், கவசம் சல்லடையாக இருப்பதைப் பார்க்கப் பக்கத்து வகுப்பிலிருந்து வருகிறார்களாம்.

இப்போது பேனா கீழே விழுந்தால் முழங்காலை மடக்கி உட்கார்ந்துதான் எடுக்கிறாள். பார்க்க எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

ஆயுத பூஜைக்கு ஆர்டர் குவிகிறது. பிழை இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து ஊர் ஓய்ந்து கிடக்கிறது. அடுத்த மாதம் எக்ஸ்-ரே. நாற்பது என்று வந்தால் என்ன செய்வது, முப்பத்தெட்டு என்று வந்தால் என்ன செய்வது, கம்பி வைத்தால் எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று கடையில் உட்கார்ந்து யோசிக்கிறேன். வாடிக்கையாளர் பெயரைக் கேட்டால் டிகிரி எழுதுகிறேன்.

நவம்பர் 8, சனி

டாக்டர் கோடு இழுத்தார். அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். நஸ்ரின் கதவுக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இருபத்தெட்டு" என்றார் டாக்டர். "இன்னும் ஒன்றரை வருஷம் விடாமப் போடணும். ஆனா இப்படியே போச்சுன்னா கம்பிப் பேச்சே வேணாம்."

மாரிச்செல்வி நஸ்ரினைக் கட்டிக்கொண்டாள். நஸ்ரின் பிரதீபாவைக் கட்டிக்கொள்ளப் போய், "ஐயோ, என் கவசமே என்னைக் குத்துது" என்றார். டயர் கடை மாடிக்குக் கூட்டிப் போய் எங்களுக்கு ஒன்று காட்டினார். தேனித் தம்பியின் கவசம் அச்சாகிக்கொண்டிருந்தது, வளர்ந்துவிட்டதால் புதிது. யாரும் சொல்லாமலே கணக்கு அதில் தானாக ஜன்னல் வைத்திருந்தது. வெயில் ஊர்ப் பிள்ளை என்றால் இனிமேல் அக்குளுக்குக் கீழேயும் வயிற்றிலும் முதலில் காற்றுக்கு வழி விட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குமாம்.

"அது யார் சொல்லிக் கொடுத்ததுன்னு கணக்குக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார் நஸ்ரின். பிரதீபா அந்தச் சின்னக் கவசம் ஒவ்வொரு வரியாக எழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் நான் நின்ற அதே இடத்தில்தான் நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாரிச்செல்விக்கு முன் சீட்டு கிடைத்தது. நானும் பிரதீபாவும் பின்னால். திருமங்கலம் தாண்டியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, மே மாசம் ஒரு நாள் மத்தியானம் ரோல் எடுக்க வந்தீங்கள்ல?"

"எத்தனையோ நாள் வந்திருப்பேன்."

"அன்னிக்கு நான் தூங்கலப்பா. நீங்க மாடிக்குப் போற சத்தம் கேட்டுச்சு. ஆணியில தொங்குறதைப் பார்த்துருவீங்க, இறங்கி வந்து அடிக்கப் போறீங்கன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஃபேனைத் திருப்பி வச்சிட்டுப் போனீங்க."

"வேர்த்துக் கிடந்த."

"அன்னிக்கு ராத்திரி நானா மாடிக்குப் போய் எடுத்துட்டு வந்து மாட்டிக்கிட்டேன். கோடு வரைக்கும் நானே இழுத்தேன். விடிய விடியப் போட்டிருந்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அடுத்த நாள் வெயில்ல திரும்பக் கழட்டிட்டேன். நஸ்ரின் அக்கா கணக்குல எல்லா நாளும் ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா அன்னிக்கு மட்டும் நிஜம்ப்பா."

"நாளைக்கு உன் கோ-கோ மேட்ச்சுக்குக் கடையைப் பூட்டிட்டு வர்றேன்" என்றேன். தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள், இந்தத் தடவை நிஜத் தூக்கம்தான். கவசத்தின் விளிம்பு என் விலாவில் நன்றாகக் குத்தியது. சிவகாசி வந்து சேரும்வரை நான் அசையவில்லை.